பயிற்சியே இல்லாத ஒருவர் ஏஇடி பெட்டியைத் திறக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது: சுவரில் இதயமும் மின்னல் கீற்றும் வரைந்த ஒரு பெட்டி மாட்டியிருக்கிறது. அதற்குள் இருப்பது ஏஇடி, தாளம் தவறிய இதயத்துக்கு மின் அதிர்ச்சி (ஷாக்) கொடுக்கும் தானியங்கிக் கருவி. கண்ணெதிரே ஒருவர் சரிந்து விழுகிறார். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. அந்தப் பெட்டியை எடுத்துப் பயன்படுத்தலாமா? அவருக்கு வந்தது வெறும் மயக்கமாக இருந்து, நான் ஷாக் கொடுத்து ஆளையே கொன்றுவிட்டால் என்ன ஆவது?

தாராளமாகத் திறக்கலாம். ஷாக் கொடுத்துக் கொன்றுவிடுவோம் என்ற பயத்துக்கு அந்தப் பெட்டி இடமே வைப்பதில்லை. பல வருடங்களாக முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வி வராத வகுப்பு ஒன்றுகூட இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் பயப்படுவது ஷாக் பட்டனைப் பார்த்துத்தான். ஆனால் காரியம் கெடுவது அந்தப் பட்டனில் இல்லை. பட்டனுக்கு முன்னால் தயங்கும் இரண்டு மூன்று நிமிடங்களிலும், ஷாக் போன பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அரை நிமிடத்திலும்தான் கெடுகிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மாரடைப்பு வேறு, இதயம் நின்றுபோவது வேறு. மாரடைப்பில் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. ஆள் நினைவோடு இருப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொள்வார், வியர்த்துக் கொட்டும், பேசுவார். அவருக்கு வேண்டியது ஆம்புலன்ஸ். ஏஇடியை ஒட்டவேண்டியதில்லை. இதய நிறுத்தத்தில் ஆள் அப்படியே சாய்ந்துவிடுவார். கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சு இருக்காது, அல்லது இருக்கிற மூச்சு மூச்சு மாதிரி இருக்காது. மாரடைப்பு முற்றி இதய நிறுத்தமாக மாறலாம் என்பதால் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிப் பழகிவிட்டோம்.

திடீரென்று சரிகிற பெரியவர்கள் பலரிடம் முதல் சில நிமிடங்களில் இதயம் அசைவற்று நின்றிருப்பதில்லை, நடுங்கிக்கொண்டிருக்கிறது. வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன் என்பது இதற்கு மருத்துவப் பெயர். கீழறைத் தசைநார்கள் ஒன்றுசேர்ந்து சுருங்கினால்தான் ரத்தம் வெளியே போகும். ஊர் கூடி இழுக்கவேண்டிய தேரை ஆளாளுக்கு ஒரு திசையில் இழுத்தால் என்ன ஆகும்? அசைவு இருக்கும், தேர் நகராது. இங்கேயும் அதே கதைதான். மின்சாரம் ஓடுகிறது, ரத்தம் ஓடவில்லை.

இங்கே ஷாக் என்ன செய்கிறது என்பதைப் பலர் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். நின்ற இதயத்தை அது ஓடவைப்பதில்லை. தாறுமாறாக நடுங்குகிற இதயத்தை ஒரு கணம் முழுமையாக அடக்குகிறது. அந்த அமைதியில் இதயத்தின் சொந்தத் தாளக்காரன், வலது மேலறையில் இருக்கிற சைனஸ் முடிச்சு, மறுபடியும் தாளம் பிடித்துக்கொள்ளும் என்பதுதான் நம்பிக்கை. திரையில் நேர்கோடு ஓடும்போது ஷாக் கொடுத்து எழுப்புவதைச் சினிமாவில் நூறு முறை பார்த்திருப்போம். நிஜத்தில் நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது.

உங்கள் பயத்துக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது. பேடுகளை, அதாவது கருவியோடு வயரில் இணைந்த ஒட்டும் மின்தகடுகளை, நெஞ்சில் ஒட்டியதும் கருவி இதயத்தின் மின்னோட்டத்தைப் படிக்கிறது. நடுக்கமோ, அதற்குச் சமமான மிகை வேகத் துடிப்போ தெரிந்தால் மட்டுமே கன்டென்சரில் மின்சாரத்தைச் சேர்க்கும். மற்றபடி நீங்கள் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. சாதாரணத் துடிப்பை இந்தக் கருவிகள் 100க்கு 99 முறைக்கு மேல் சரியாக அடையாளம் காணவேண்டும் என்பது இவற்றுக்கு வைத்திருக்கும் அளவுகோல். மயங்கி விழுந்தவரின் இதயம் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தால் பெட்டி 'ஷாக் தேவையில்லை' என்று சொல்லிவிடும். ஒரே ஒரு நிபந்தனை: நினைவில்லாத, சரியாக மூச்சு விடாத ஆளுக்கு மட்டுமே ஒட்டவேண்டும். பேசிக்கொண்டிருப்பவருக்கு 'எதற்கும் ஒட்டிப் பார்ப்போம்' என்பது வேண்டாம்.

இந்த நிலைக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. ஒரு மின் அதிர்ச்சி இதயத்தை நடுங்கவைக்கும், இன்னொன்று அந்த நடுக்கத்தை நிறுத்தும் என்று 1899ல் ஜெனீவாவில் ப்ரெவோ, பாட்டெல்லி இருவரும் நாய்களில் கண்டார்கள். 1947ல் க்ளீவ்லாந்தில் க்ளாட் பெக் என்ற அறுவை மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனின் நெஞ்சைத் திறந்து, இதயத்தின் மேலேயே மின்தகடுகளை வைத்து அவனைக் காப்பாற்றினார். நெஞ்சைத் திறக்காமலே ஷாக் கொடுக்கலாம் என்று 1956ல் பால் ஸோல் காட்டினார். 1960களின் நடுவில் பெல்ஃபாஸ்டில் ஃப்ராங்க் பான்ட்ரிட்ஜ் கார் பேட்டரியில் ஓடும் டிஃபிப்ரிலேட்டரை, அதாவது ஷாக் கொடுக்கும் கருவியை, ஆம்புலன்ஸில் ஏற்றினார். அதன் எடை சுமார் 70 கிலோ. இன்று சுவரில் மாட்டியிருப்பதை ஒற்றைக் கையால் தூக்கிக்கொண்டு ஓடலாம்.

சரி, கருவி புத்திசாலி. பழக்கமில்லாத ஆள் கையில் அது வேலை செய்யுமா? 1999ல் வெளியான ஒரு சிறிய ஆய்வை வகுப்பில் அடிக்கடி சொல்வேன். அமெரிக்காவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கையில் ஏஇடியைக் கொடுத்து, பயிற்சிப் பொம்மைக்கு ஷாக் கொடுக்கும் நிலைக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். அதற்கு முன் ஏஇடியை அவர்கள் தொட்டதில்லை. சராசரி 90 நொடி. தொழில்முறை ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு 67 நொடி. வித்தியாசம் அரை நிமிடம்கூட இல்லை.

நிஜ மனிதர்களிடம் நடந்ததற்கு சிகாகோ நல்ல உதாரணம். அங்குள்ள விமான நிலையங்களில் பார்வையில் படும்படி ஏஇடிகளை வைத்தார்கள். இரண்டு வருடத்தில் 21 பேருக்கு இதய நிறுத்தம். அதில் 18 பேருக்கு ஷாக் பலிக்கக்கூடிய நடுக்கம், அந்த 18ல் 11 பேர் பிழைத்தார்கள். அந்த 11ல் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் ஏஇடி பயிற்சியோ அனுபவமோ இல்லாதவர்கள். நேர்மையாகச் சொல்வதென்றால் அவர்களில் மூவர் மருத்துவம் படித்தவர்கள். ஆனாலும் கருவி அவர்களுக்குப் புதிதுதான். இன்னொரு ஆய்வு சூதாட்ட விடுதிகளில் நடந்தது. காவலாளிகளே ஷாக் கொடுத்தார்கள். விழுந்து மூன்று நிமிடத்துக்குள் ஷாக் கிடைத்தவர்களில் 74 சதவீதம் பேர் பிழைத்தார்கள், மூன்று நிமிடம் தாண்டியவர்களில் 49 சதவீதம். சுற்றிலும் கேமரா, ஆள் விழுந்ததை உடனே பார்க்க ஆட்கள், பக்கத்திலேயே கருவி என்று எல்லாம் அமைந்த இடம் அது. வீட்டில் விழுகிறவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஜப்பானில் 2004 ஜூலையிலிருந்து பொதுமக்களும் ஏஇடி பயன்படுத்தலாம் என்று வந்தது. 2005 முதல் 2007 வரை நாடு முழுக்க எடுத்த கணக்கில், பொது இடத்தில் அக்கம்பக்கத்தவர் கையால் ஷாக் பெற்றவர்களில் 31.6 சதவீதம் பேர் ஒரு மாதம் கழித்து, மூளைக்குப் பெரிய பாதிப்பில்லாமல், உயிரோடு இருந்தார்கள்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே கணக்கு. யாரும் ஒன்றும் செய்யாமல் நின்றால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. யாராவது நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சரிவு பாதியாகிறது. ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும், போன் போட்டு, வழி கண்டுபிடித்து, மாடி ஏறி ஆளிடம் வருவதற்குள் வாய்ப்பில் பெரும்பகுதி கரைந்திருக்கும்.

இனி, நிஜமாகவே கஷ்டமான பகுதி: இது இதய நிறுத்தம்தான் என்று அடையாளம் காண்பது. விழுந்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். 'மூச்சு இருக்கு, மூச்சு இருக்கு' என்று ஒரு குரல் எழும். அந்த ஒரு வார்த்தை பல உயிர்களை வாங்கியிருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு ஒருவித ஏங்கல் மூச்சு வரும். வாய் திறக்கும், தாடை இழுபடும், குறட்டை போலவோ கேவல் போலவோ ஒரு சத்தம் கேட்கும். பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஒன்று. கரையில் போட்ட மீன் வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்திருந்தால் இதையும் அடையாளம் தெரிந்துகொள்வீர்கள். அது மூச்சு அல்ல, மூளைத்தண்டின் கடைசி முயற்சி. அதோடு விழுந்த கையோடு சில நொடி கை கால் வெட்டி இழுக்கவும் செய்யலாம். வலிப்பு என்று நினைத்து எல்லோரும் விலகி நின்று, அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். அடங்கும்போது நேரம் போயிருக்கும்.

நான் சொல்லிக்கொடுக்கிற விதி எளிது. தோளைத் தட்டிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சீராக இல்லை, அல்லது சீராக இருக்கிறதா என்று சந்தேகம் என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாடி பார்க்காதீர்கள். பழக்கமில்லாத விரலுக்குத் தன் நாடியே எதிராளியின் நாடி போலத் தெரியும். அவசர எண்ணை அழைத்து போனை ஸ்பீக்கரில் தரையில் வையுங்கள். மறுமுனையில் இருப்பவர் ஒவ்வொரு படியாகச் சொல்லித்தருவார். பெட்டியை எடுத்துவரப் பொதுவாக 'யாராவது போங்க' என்று கத்தினால் ஒருவரும் நகரமாட்டார்கள். 'நீலச் சட்டை, நீங்க போய் எடுத்துட்டு வாங்க' என்று விரல் நீட்டிச் சொல்லவேண்டும். நீங்கள் தனியாக இருந்து, பெட்டி கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் எடுத்துவாருங்கள். எங்கே இருக்கிறது என்றே தெரியாவிட்டால் தேடிக்கொண்டு ஓடாமல் நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள்.

அமுக்குவது என்றால் நெஞ்சின் நடுவில், மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைத்து, முழங்கை மடங்காமல் உடம்பின் பாரத்தைப் போட்டு, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு முறையும் நெஞ்சை முழுக்க மேலே வரவிடுங்கள். விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்கலாம். கேட்டாலும் நிறுத்தவேண்டாம். எலும்பு கூடும்.

பெட்டி வந்ததும் முதல் வேலை அதை ஆன் செய்வது. சிலவற்றில் மூடியைத் திறந்தாலே பேச ஆரம்பித்துவிடும். அதன் பிறகு அது சொல்கிறபடி நடந்தால் போதும். ஆனால் பதற்றத்தில் காது எப்படி அடைத்துக்கொள்ளும் என்பதை வகுப்பில் தினமும் பார்க்கிறேன். பேடின் பின்பக்கத் தாளை உரிக்காமலே ஒருவர் பொம்மையின் நெஞ்சில் வைத்து அழுத்து அழுத்தென்று அழுத்துவார். இன்னொருவர் சட்டைக்கு மேலேயே ஒட்டுவார். கருவி 'பேடுகளைச் சரிபார்க்கவும்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும், அவர் வயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். பேட் வெறும் தோலில் ஒட்டவேண்டும். ஒன்று வலது காறை எலும்புக்குக் கீழே. மற்றது இடப்பக்கம், அக்குளுக்குக் கீழே, விலாவில். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் நெஞ்சின் முன்பக்கமாகவே ஒட்டிவிடுகிறார்கள். இதயம் இரண்டு பேடுக்கும் நடுவே சிக்கவேண்டும் என்று நினைவு வைத்தால் கை தானாகப் பக்கவாட்டுக்குப் போகும். படமும் பேடிலேயே இருக்கிறது. ஒருவர் ஒட்டும்போது மற்றவர் அமுக்குவதை நிறுத்தவேண்டாம்.

நெஞ்சு வேர்த்தோ நனைந்தோ இருந்தால் ஒரு துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். ஈரத்தில் மின்சாரம் உள்ளே போகாமல் தோலின் மேலேயே ஓடிவிடும். முடி அடர்ந்து பேட் ஒட்டவில்லை என்றால் பெட்டியில் ரேசர் வைத்திருப்பார்கள். தோலில் மருந்து ஒட்டு இருந்தால் உரித்துத் துடையுங்கள். காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி மாதிரி மேடாகத் தெரிந்தால் அது பேஸ்மேக்கர். அதன்மேல் ஒட்டாமல் சில விரற்கடை தள்ளி ஒட்டுங்கள். நீச்சல் குளத்திலிருந்து தூக்கியவர் என்றால் தண்ணீரிலிருந்து வெளியே இழுத்துப்போட்டு நெஞ்சைத் துடைத்தால் போதும், தரை காயும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இவையெல்லாம் கேள்வியாக வரும்போது பெரிதாகத் தெரியும். செய்யும்போது ஒவ்வொன்றும் சில நொடி.

விழுந்தவர் பெண் என்றால் தயக்கம் இரட்டிப்பாகிறது. பொது இடத்தில் விழுகிற பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே சிபிஆர் (நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதும் முதலுதவி) கிடைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆடையை விலக்க வேண்டியதுதான், உள்ளாடை குறுக்கே வந்தால் நகர்த்தவோ வெட்டவோ வேண்டியதுதான். ஒட்டி முடித்ததும் ஒரு துணியை மேலே போர்த்தலாம், கருவிக்கு அது தடையில்லை. கர்ப்பிணி என்றாலும் இதே முறைதான். தாய் பிழைத்தால்தான் வயிற்றுப் பிள்ளைக்கும் வழி.

எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குச் சிறிய பேடோ, கருவியில் குழந்தைக்கான சாவியோ இருக்கும். இல்லையென்றால் பெரியவர்களுக்கானதையே பயன்படுத்துங்கள். சின்ன நெஞ்சில் இரண்டும் ஒன்றையொன்று தொடும் என்றால் ஒன்றை நெஞ்சின் நடுவிலும் மற்றதை முதுகிலும் ஒட்டலாம். குழந்தைகளுக்கு இதயம் நிற்பது பெரும்பாலும் மூச்சுத் தடைபட்ட பிறகுதான் என்பதால், 30 அழுத்தத்துக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதுவது அங்கே கூடுதல் முக்கியம்.

பேட் ஒட்டியதும் கருவி 'யாரும் தொடவேண்டாம்' என்று சொல்லிவிட்டுப் படிக்க ஆரம்பிக்கும். அப்போது கை எடுத்தே ஆகவேண்டும், இல்லாவிட்டால் உங்கள் அசைவையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். ஷாக் என்று சொன்னால் யாரும் தொட்டுக்கொண்டிருக்கவில்லை என்று தலைமுதல் கால்வரை ஒரு பார்வை பார்த்து, 'விலகுங்க' என்று உரக்கச் சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்குங்கள். சில மாடல்களில் பட்டனே இல்லை, எண்ணிக்கை சொல்லித் தானே கொடுத்துவிடும். உடம்பு ஒரு முறை தூக்கிப்போடும்.

அப்போது வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். ஷாக் போனதும் அறை மௌனமாகிவிடும். இதுவரை வியர்க்க அமுக்கியவர் கையை மடியில் வைத்துக்கொண்டு பொம்மையின் முகத்தையே பார்ப்பார். சுற்றி நிற்பவர்களும் பார்ப்பார்கள், பொம்மை எழுந்து உட்காரும் என்பது போல. பத்து நொடி, பதினைந்து நொடி. நான் ஒன்றும் பேசாமல் கடிகாரத்தைக் காட்டுவேன். ஷாக் பலித்திருந்தாலும் இதயம் உடனே முழு பலத்தோடு ரத்தம் தள்ளிவிடாது. களைத்துப்போயிருக்கும். அந்த நேரத்தில் மூளைக்கு ரத்தம் போவது உங்கள் கையால்தான். ஷாக் போன அடுத்த நொடி கை நெஞ்சுக்குத் திரும்பவேண்டும். இரண்டு நிமிடம் கழித்துக் கருவியே நிறுத்தச் சொல்லி மறுபடி படிக்கும். அந்த இடைவெளியில் அமுக்குகிற ஆளை மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டு நிமிடத்துக்கு மேல் யாருக்கும் ஆழம் நிற்காது.

'ஷாக் தேவையில்லை' என்று கருவி சொன்னால் அதற்கு அர்த்தம் இரண்டில் ஒன்று என்று ஆட்கள் எடுத்துக்கொள்கிறார்கள்: ஆள் பிழைத்துவிட்டார், அல்லது ஆள் போய்விட்டார். இரண்டும் தப்பு. இந்தத் தாளத்துக்கு மின்சாரம் உதவாது என்பது மட்டுமே அதற்குப் பொருள். ஆள் அசையவில்லை, சீராக மூச்சு விடவில்லை என்றால் அமுக்கிக்கொண்டே இருங்கள். நன்றாக அமுக்கும்போது நேர்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த இதயம் ஷாக் பலிக்கிற நடுக்கத்துக்கு ஏறிவருவதும் உண்டு. எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எல்லாம் சரியாகச் செய்தும் போய்விடுகிறவர்கள் உண்டு. அது பெட்டியைத் திறந்தவர் செய்த பிழை அல்ல. நல்லெண்ணத்தோடு உதவுகிறவரைப் பாதுகாக்கும் சட்டம் பல நாடுகளில் இருக்கிறது, வரம்புகள் இடத்துக்கு இடம் மாறும்.

எனக்குக் கோபம் வருகிற ஒரே விஷயம் பெட்டியை வைத்திருக்கும் விதம். வாங்கி, படம் எடுத்து, மேலாளர் அறை அலமாரியில் பூட்டி வைத்திருப்பார்கள். சாவி அவரிடம் இருக்கும், அவர் விடுமுறையில் இருப்பார். பேடின் பசைக்கும் பேட்டரிக்கும் காலாவதித் தேதி உண்டு. தயார் நிலையைக் காட்ட ஒரு சின்ன விளக்கோ குறியோ முன்பக்கத்தில் இருக்கும், பெரும்பாலும் பச்சை. அது மாறியிருந்தாலோ பெட்டி விட்டுவிட்டு 'கீச்' என்று சத்தம் போட்டாலோ பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். நீங்கள் தினமும் போகிற இடத்தில் பெட்டி எந்தச் சுவரில் இருக்கிறது, பூட்டில்லாமல் இருக்கிறதா என்று நாளைக்கே ஒரு முறை பார்த்துவைப்பது, நான் எழுதிய இவ்வளவையும் விடப் பயன்படலாம்.

கடைசியாக ஒன்று, பலர் கேட்க மறப்பது. ஆள் அசைய ஆரம்பித்து, இருமி, சீராக மூச்சு விட்டால் அமுக்குவதை நிறுத்தி அவரைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். ஆனால் பேடை உரிக்காதீர்கள், கருவியை அணைக்காதீர்கள். இதயம் மறுபடி நடுங்க ஆரம்பிக்கலாம், அப்போது கருவி தயாராக ஒட்டியிருக்கவேண்டும். எப்போது ஆன் ஆனது, என்ன தாளம் பார்த்தது, எத்தனை ஷாக் கொடுத்தது எல்லாம் அதற்குள் பதிவாகியிருக்கும். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் தங்கள் கருவியை மாட்டும்வரை ஒட்டியபடியே இருக்கட்டும், பிறகு அவர்களிடம் கேட்டுக்கொண்டு கழற்றுங்கள்.